எதிரில் யாரும் இல்லை என்று தோன்றும்போது ஜெபிக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். வயது 43. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பா தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே மெதடிஸ்ட் குடும்பம். எங்கள் வட்டாரத்து வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பல வருஷமாக நான்தான் நடத்துகிறேன். ஆனால் சில மாதங்களாகக் கண்ணை மூடினால் எதிரில் யாருமே இல்லை என்று தோன்றுகிறது. வாய் ஜெபிக்கிறது, "யாரிடம் பேசுகிறாய்?" என்று மனசு கேட்கிறது. அண்மையில் உபவாசக் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் ஒருவர் எபிரெயர் 11:6ஐ எடுத்து, "அவர் உண்டென்று விசுவாசிக்காதவன் ஜெபம் கூரையைத் தாண்டாது" என்றார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கூட வேலை செய்யும் நண்பரோ, கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, ஜெபம் மனசுக்கு நல்லது, விடாதே என்கிறார். விசுவாசம் திரும்பும் வரை ஜெபத்தை நிறுத்தி வைக்கலாமா? நான் கூட்டம் நடத்துவது பித்தலாட்டம் ஆகாதா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. போன வருஷம் என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் தவறிப்போனான். மூன்று வாரம் ஐசியுவில் இருந்தான், உபவாசம் இருந்து ஜெபித்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அதைக் கிறிஸ்தவ ஜெபம் என்று சொல்ல முடியாது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஒருவரைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம், எங்களுக்குத் தாரும், எங்களுக்கு மன்னியும் என்று மற்ற எல்லாமே அவரிடம் சொல்வதுதான். கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லையென்றால் அந்த ஜெபத்தில் மிச்சம் எதுவும் இல்லை. "அவரை விசுவாசியாதவர்கள் எப்படி அவரைத் தொழுதுகொள்ளுவார்கள்?" என்று ரோமர் 10இல் பவுல் கேட்பதும் இதைத்தான். கடவுள் இருக்கிறார் என்பது ஜெபத்துக்கு அஸ்திவாரம். நீங்கள் சங்கடப்படுகிறீர்களே என்று அதை நான் மழுப்பினால் உங்களுக்கு உதவி செய்தவன் ஆகமாட்டேன். தூக்கம் கெடும் அளவுக்கு இந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறதென்றால், நண்பரைவிட உங்களுக்கு ஜெபம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும் என்று அர்த்தம்.

அந்த வகையில் பிரசங்கியார் எடுத்தது சரியான வசனம். கூரையை மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டார். நம் கூட்டங்களில் பலமுறை கேட்டிருப்பதால் அதுவும் வேதத்தில் எங்கோ இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. எபிரெயர் 11இல் கூரையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஒரு வரி புலம்பல் 3:44இல் இருக்கிறது: "ஜெபம் உட்பிரவேசிக்கக்கூடாதபடிக்கு உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர்." எருசலேம் எரிந்து கிடக்கிறது, ஜெபம் போய்ச் சேரவில்லை என்று ஒருவர் அழுகிறார். அதை யாரிடம் சொல்கிறார் பாருங்கள். "மூடிக்கொண்டீர்" என்று அவரிடமே சொல்கிறார். போய்ச் சேரவில்லை என்ற புகாரே ஜெபமாக வேதத்தில் ஏறியிருக்கிறது.

இப்போது அந்த வசனத்தை முழுசாகப் படியுங்கள். "தேவனிடத்தில் சேருகிறவன் அவர் உண்டென்றும், அவர் தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவரென்றும் விசுவாசிக்கவேண்டும்." இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிரசங்கியார் முதல் விஷயத்தோடு நிறுத்திக்கொண்டார். கடிதத்தில் நீங்களும் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள்.

முதல் விஷயத்தில் உங்களுக்கு இத்தனை வருஷம் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்ற நம் தேசியக் கோட்பாட்டைச் சொல்லித்தான் வளர்ந்திருப்பீர்கள். 1970இல் வந்தது அது. முதல் கோட்பாடே "இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்". மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாப் பிள்ளைகளும் வெயிலில் நின்று சேர்ந்து சொன்னோம். அதைச் சொல்லிவிட்டு யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. கடவுள் ஒருவர் உண்டு என்பதை மட்டும் ஒத்துக்கொள்வது அவ்வளவு லேசான காரியம். யாக்கோபு இதையே இன்னும் காரமாகச் சொல்கிறார்: "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." பிசாசுகளுக்கு "உண்டு" என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அவை ஜெபிப்பதில்லை.

ஜெபிக்க வைப்பது இரண்டாவது விஷயம். அவர் தேடுகிறவர்களைக் கண்டுகொள்வார், அவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டார் என்ற நம்பிக்கை. என் கணிப்பில் உங்களுக்குள் உடைந்திருப்பது இதுதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை வைத்துத்தான் சொல்கிறேன். தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதி, சம்பந்தம் இல்லை என்றும் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சம்பந்தம் இல்லாத விஷயத்தை யாரும் ஆலோசனை கேட்கும் கடிதத்தில் எழுதுவதில்லை, சகோதரரே.

நான் பல ஆண்டுகள் கோலாலம்பூரில் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய் ஜெபிக்கிற ஊழியத்தில் இருந்தவன். ஐசியு வாசலில் நடப்பது எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா, தரையில் பாய் விரித்து மாமா, ஒரு மூலையில் மைலோ பாக்கெட்டுகள், போன் சார்ஜருக்குச் சண்டை. உள்ளே ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. சபையிலிருந்து ஒரு குழு வரும். அதில் ஒருவர் உரக்க ஜெபித்துவிட்டு, "சாட்சி சொல்ல ஆயத்தமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். நோயாளி இறந்த பிறகு அதே ஆள் அடக்க ஆராதனையில் "ஆண்டவருடைய சித்தம்" என்பார். இரண்டு நாளும் அவர் கண்ணில் தண்ணீர் இருந்திருக்கும், பொய் பேசுகிறவர் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. வீட்டார்தான் அதை வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இப்படித்தான் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏறக்குறைய இப்படி நடந்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

துக்கம் நேராக வந்து "எனக்குக் கோபம்" என்று சொல்லாது. கூட்டத்தை நடத்துகிற அண்ணன் கோபப்படலாமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? அப்போது கடவுள் மேல் கோபப்படுவதைவிடக் கடவுள் இல்லை என்று தோன்றிவிடுவது கொஞ்சம் வலி குறைந்த வழி. இல்லாதவர் தம்பியைக் கைவிட்டிருக்க முடியாதல்லவா? உங்கள் சந்தேகம் முழுக்க இதுதான் என்று நான் சொல்லவில்லை. அறிவுப்பூர்வமான கேள்விகளும் கலந்திருக்கலாம், அவை கௌரவமான கேள்விகள். ஆனால் முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு அவற்றிடம் போனால் நல்லது.

பிரசங்கி புத்தி விடவில்லை, ஒரு உவமை சொல்லிவிடுகிறேன். இங்கே கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டத் தொடங்கிய காலத்தில், முதலில் குறித்த இடத்தின் அடிமண்ணைச் சோதித்தபோது ஒரு பக்கம் உறுதியாகவும் மறுபக்கம் சிதைந்துபோன சுண்ணாம்புக் கல்லாகவும் இருந்தது. அப்படியே கட்டினால் கோபுரம் ஒரு பக்கம் இறங்கும். அதனால் மொத்தக் கட்டடத்தையும் ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி வைத்து, 100 மீட்டருக்கும் அதிக ஆழம் வரை அஸ்திவாரம் இறக்கினார்கள். கட்டடம் வேண்டாம் என்று யாரும் விட்டுவிடவில்லை. நம்மில் பலருடைய விசுவாசம் "அவர் உண்டு" என்ற பாறையில் பாதியும், "உபவாசம் இருந்து கேட்டால் கேட்டதைத் தருவார்" என்ற சுண்ணாம்பில் பாதியுமாக நிற்கிறது. கனம் ஏறாத வரைக்கும் வித்தியாசம் தெரியாது.

பலன் அளிக்கிறவர் என்றால் அப்புறம் என்னதான் பலன்? அதே எபிரெயர் 11ஐக் கடைசி வரைக்கும் படித்தால் பதில் கிடைக்கும். சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் அதில் இருக்கிறார்கள்; அதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். வாளால் வெட்டப்பட்டவர்களும் அதே பட்டியலில், அதே விசுவாசத்தோடு இருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு வருவதற்குள் கூட்டத்துக்கு நேரமாகிவிடுகிறது. 39ஆம் வசனம் மறைக்காமல் சொல்கிறது: இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்".

அதற்கும் முன்னால், 5ஆம் அதிகாரம் 7ஆம் வசனம் இருக்கிறது. இயேசு தம்மை மரணத்திலிருந்து இரட்சிக்க வல்லவரை நோக்கி "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" ஜெபித்தார், "கேட்கப்பட்டு" என்று எழுதியிருக்கிறது. கேட்கப்பட்டது என்கிறது வேதம். ஆனால் சிலுவை தள்ளிப்போகவில்லை, அவர் செத்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது நம் விசுவாசம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவைக்குக் கீழே நின்ற தாய்க்கு அது தெரிந்த சங்கதி அல்ல. இதை எழுதியவர் கேட்கப்படுவதையும் கேட்டது கிடைப்பதையும் ஒன்றாக்கிக் குழப்பவில்லை. நாம்தான் கூட்டத்துக்குக் கூட்டம் குழப்புகிறோம். உங்கள் தம்பி ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடம் நீங்கள் போகவும் வேண்டாம். ஆனால் அந்த மூன்று வார ஜெபமும் காற்றோடு போனது என்று முடிவுகட்ட இந்த நிருபம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்து, விசுவாசம் திரும்பும் வரை ஜெபத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் நிச்சயம், பிறகு ஜெபம் என்ற வரிசை கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் அது வேலை செய்வதில்லை. 11ஆம் நூற்றாண்டில் நார்மண்டியில் ஆன்செல்ம் என்ற துறவி, கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரு தர்க்கம் எழுதினார். தத்துவம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். அந்தத் தர்க்கத்தை அவர் ஜெபமாக எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. "நீர்" என்று கடவுளிடம் பேசிக்கொண்டே அவர் இருக்கிறார் என்று நிரூபிக்கப் பார்க்கிறார். கௌனிலோ என்ற இன்னொரு துறவி, இந்தத் தர்க்கம் செல்லாது என்று மறுப்பு எழுதினார். ஆன்செல்ம் கோபப்படவில்லை. இனி என் நூலைப் படியெடுக்கும்போது அந்த மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். தர்க்கம் ஜெயித்ததா தோற்றதா என்பது இருக்கட்டும், எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். சந்தேகத்தைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு ஜெபித்தவர்.

நீங்களும் அதையே செய்யுங்கள், ஆனால் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து காரில் ஏறியதும், எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால், வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, நீர் இருக்கிறீரா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. இருந்தால், தம்பி விஷயத்தில் உம்மேல் எனக்குக் கோபம்." அவ்வளவு போதும். வழக்கமான "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" ஒன்றும் சேர்க்க வேண்டாம். அதற்குமேல் ஏதாவது சொல்லத் தோன்றினால் சங்கீதம் 88ஐ எடுங்கள். சங்கீதங்களில் மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ துதிக்கு வந்துவிடும். 88 அப்படி வராது, இருட்டிலேயே முடியும். அதில் உறுதியாக இருப்பது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிற முதல் வரி மட்டும்தான். மாற்கு 9இல், "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இயேசுவிடம் கதறுகிற தகப்பனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே எத்தனையோ வெள்ளிக்கிழமை பேசியிருப்பீர்கள்.

யாக்கோபு 1:6 உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம், சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று. அங்கே அவர் கண்டிப்பது இருமனமுள்ளவனை, கடவுளிடமும் கேட்டுவைப்போம், வேறு இடத்திலும் சொல்லிவைப்போம் என்று இருக்கிறவனை. மூன்று மணிக்கு எழுந்து, இவர் இருக்கிறாரா என்று தவிக்கிறவன் அந்த ரகம் இல்லை.

கூட்டம் நடத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபையில் மூத்தவர்கள் யாரிடமாவது சொன்னால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையைக் கட்டாயம் சொல்வார்கள். 1738 மார்ச்சில் வெஸ்லி, எனக்கே விசுவாசம் இல்லை, இனிப் பிரசங்கிக்கலாமா என்று பீட்டர் போலர் என்ற மொராவிய சபை ஊழியரிடம் கேட்டார். விசுவாசம் வரும் வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், வந்த பிறகு வந்துவிட்டதற்காகப் பிரசங்கியும் என்றார் போலர். மே 24ஆம் தேதி அந்த விசுவாசம் வந்து வெஸ்லியின் நெஞ்சு அனல் கொண்டதும் நமக்குத் தெரிந்த வரலாறு. அருமையான கதை. ஆனால் உங்கள் நிலைமைக்கு அதை அப்படியே போட முடியாது என்பது என் கருத்து. வெஸ்லிக்குக் கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகம் இல்லை. தாம் இரட்சிக்கப்பட்டவரா என்பதுதான் அவருடைய போராட்டம். தவிர, அவர் போலரிடம் வாய் திறந்து சொல்லிவிட்டார். நீங்கள் யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தாங்குகிறீர்கள்.

அதனால், சில மாதங்களுக்கு நடத்துகிற பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். இதுவரை செய்தது பித்தலாட்டம் இல்லை. தூக்க முடியாத பாரத்தை இறக்காமல் நின்றீர்கள், அவ்வளவுதான். ஆனால் இப்படியே தொடர்ந்தால், மனசில் இல்லாததை மைக்கில் சொல்லிச் சொல்லி அது ஒரு தொழில்போல ஆகிவிடும் அபாயம் உண்டு. (ஒரு வீட்டு ஹாலில் பதினைந்து பேருக்கு மைக் எதற்கு என்பது என் பழைய புலம்பல், அதை விடுங்கள்.) குழுவிடம் முழு விவரமும் சொல்ல வேண்டியதில்லை. "தம்பி போனதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை, கொஞ்ச நாள் நீங்கள் நடத்துங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றால் போதும். அதில் ஒரு பொய்யும் இல்லை. உங்கள் சபைப் போதகரிடம் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள்.

உட்கார்ந்திருக்கிறேன் என்பதைச் செய்யுங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள். பிரசங்கியார் கூரையைப் பற்றிப் பேசியதால் எனக்கு மாற்கு 2ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேர் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் மேலே ஏறி, கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. படுத்துக் கிடந்தவன் என்ன விசுவாசித்தான் என்று மாற்கு தனியாக ஒரு வார்த்தை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை யாரோ ஒரு அக்கா ஜெபிக்கும்போது நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள். அதுவும் வரவில்லையென்றால் சும்மா இருங்கள். கூட்டம் முடிந்து மீகூனும் தேநீரும் வரும் வரை இருந்து, பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஒருவேளை பல மாதம் கழித்து, நிதானமாக யோசித்து, கடவுள் இல்லை என்ற முடிவுக்கே நீங்கள் வந்தால், அப்போது பொறுப்பை நிரந்தரமாக விட்டுவிடுவதுதான் நேர்மை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் படித்தது அந்த முடிவை அல்ல.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பயந்துவிடுவாள், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்றெல்லாம் தள்ளிப்போட வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூன்று மணிக்கு எழுந்து உட்காருவது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? கொழுந்தனை இழந்தது அவரும்தான். சாமர்த்தியமாகப் பேச வேண்டாம், என்னிடம் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். கடைசி வரியை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றி. மாதக்கணக்கில் இப்படி விழிப்பு வருவது, சாப்பாடு இறங்காதது, எதிலும் பிடிப்பில்லாதது எல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம், வேலையிடத்து பேனல் டாக்டரிடமும் சொல்லலாம். நீங்கள் ஷிப்ட் வேலை பார்க்கிறவரா என்று எழுதவில்லை. பார்த்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.